வழியில் வண்டி பழுதானால்: கை வைக்கலாமா, மெக்கானிக்கை அழைக்கலாமா?

ஆர்.எஸ்.மங்கலம் வழியாகச் சமையல் சாமான்களுடன் வேனில் இராமேசுவரம் செல்லும் குடும்பத்தினர், பழுதில் கை வைக்குமுன், அந்த வேலை தவறினால் வண்டி ஓடாமல் நிற்குமா, ஓடும்போது நிற்க மறுக்குமா என்று பார்க்க வேண்டும். முதல் வகையைத் தாமே சரிசெய்யலாம்: உப்புக்காற்றால் பேட்டரி முனைகளில் வெளிர்பச்சைப் பூச்சு படிந்து ஸ்டார்ட் ஆகாதபோது, எதிர்முனை, அதாவது மைனஸ், இணைப்பை முதலில் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் தேய்த்து, நன்கு உலர்த்தி, நேர்முனையை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவினால் பெரும்பாலும் போதும். மின்னோட்டம் மிகும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் ஃபியூஸை அதே ஆம்பியரில் ஒருமுறை மாற்றலாம்; மறுபடி எரிந்தால் அது எலக்ட்ரீசியனின் வேலை. பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ ஸ்டீயரிங் ஆடினாலோ, 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம்வரை மெதுவாக ஓட்டிவிடலாம் என்று துணியாமல், மெக்கானிக்கை வண்டி நிற்குமிடத்துக்கே வரவழைக்க வேண்டும்.