ஜாதிமல்லி மணமும் இலையின் முதுமையும்

போன புரட்டாசியில் என் கத்திரி நாற்றங்காலில் அசுவினி. வீட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெய் இருந்தது. 'இயற்கைப் பொருள்தானே, கொஞ்சம் கூடப் போனா என்ன ஆயிடும்'னு கண்ணளவில் ஊற்றி, உச்சி வெயிலில் அடிச்சேன். மறுநாள் இலையெல்லாம் தீய்ஞ்சு கிடந்தது. பாதி நாற்று போச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துட்டு, "செடிக்கும் மூக்கு இருக்கு தம்பி" என்றார். அந்தச் சொல்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

வாசனைத் தொழிலுக்காக நம் தமிழ்நாட்டிலும் பயிராகும் ஜாதிமல்லியிலிருந்து தொடங்குவோம். அதன் எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருளை 1962இல் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது வெறும் மணப்பொருள். 1980இல் ஜப்பானின் உயேடா, கட்டோ இருவரும் நம்ம மாசிபத்திரிக்கு உறவான ஒரு கசப்புச் செடியில் அதே பொருளைக் கண்டார்கள். ஓட்ஸ் இலைத் துண்டுகளில் அதை வைத்தபோது, இலை சீக்கிரமே பச்சையம் இழந்து பழுத்தது.

அடுத்து 1990, அமெரிக்கா. ஃபார்மர் (பெயரே அதுதான்!), ரையன் என்ற இருவர், இந்த மணத்தை வெளியிடும் ஒரு புதர்ச்செடியின் கிளைகளைத் தக்காளிச் செடியோடு மூடிய கூண்டில் வைத்தார்கள். தொடவே இல்லை, காற்றில் வந்த மணம் மட்டும்தான். தக்காளி இலை, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தைச் சேர்த்துக்கொண்டது. பெரியவர் சொன்னது சரிதான்!

ஒரே பொருள் எப்படி இரண்டு வேலை செய்கிறது? செடியின் செல்லுக்குள் சில மரபணுக்களைப் பூட்டு மாதிரி அடக்கிவைக்கும் புரதங்கள் உண்டு. மணப்பொருள் உள்ளே போய் ஜாஸ்மோனிக் அமிலமாக மாறி, ஓர் அமினோ அமிலத்தோடு சேர்ந்ததும், அந்தப் பூட்டுகள் சிதைக்கப்படுகின்றன. 2007இல் இது தெளிவானது. தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் அடங்குகின்றன. சேதி பலமாக, நீண்டு இருந்தால் பச்சையம் உடைந்து இலை மூப்படைகிறது. வேர் வளர்ச்சியும் குறையும்.

இதில் நமக்கான பாடம்: காவலுக்கு ஆள் போனால் களத்தில் ஆள் குறையும். தற்காப்புக்குச் செடி செலவழிப்பது வளர்ச்சியிலிருந்துதான்.

என் நாற்று கருகியது இந்த வழியில் இல்லை. கெட்டியான எண்ணெய் செல்லின் சவ்வையே நேரடியாகக் குலைத்துவிட்டது. கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவே பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கோங்க. வழி வேறானாலும் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: அளவு.

இப்போது நான் கடைப்பிடிப்பவை:

1. எண்ணெயை அளந்துதான் ஊற்றுவேன். சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கிய பிறகே தண்ணீரில் சேர்ப்பேன்.

2. முதலில் நாலைந்து செடியில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பேன்.

3. வெயில் தாழ்ந்த பிறகே தெளிப்பு.

4. இளம் நாற்றுக்கும், தண்ணியில்லாமல் வாடிய பயிருக்கும் எண்ணெய் கிடையாது.

5. பூச்சியே இல்லாதபோது 'வாரம் ஒரு தடவை' என்று அடிப்பதில்லை. இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே முடிவு.

இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடாது. செடிகள் தமக்குள் பேசும் மொழி அது. நாம் அதில் பேசும்போது, மெதுவாகப் பேசுவோம்.