கோடைக்கு முன்னால் வாசலைப் பாருங்கள்



இம்மாதப் பாடம் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைப் பற்றியது. அடுப்பையும் விளக்கையும் கவனமாகப் பார்க்கிற நம்ம ஆட்கள் இஸ்தோப்புக்கு வெளியே கிடப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோடைக் காலத்தில் நெருப்பு வெளியிலிருந்தும் வரும். வந்தால் ஒரு காம்பராவோடு நிற்காது. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை முகடு வரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை ஒரே வெளிதான். நெருப்பு அந்த வழியாகவே ஓடிவிடும். ஆகவே ஒருவர் வாசலில் கிடக்கும் சருகு அவர் ஒருவருடைய விஷயம் அல்ல.

எந்த மாதத்தில் துப்புரவு செய்வது என்பது உங்கள் தோட்டம் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை மழை குறைவு. நுவரெலியாவைச் சுற்றி அந்த நாட்களில் விழும் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். விடியற்காலையில் ஈரமாகத் தெரிகிற மானாப் புல் பகல் வெயில் ஏறியதும் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். ஊவாப் பக்கத்தில், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில், ஆனி முதல் புரட்டாதி வரைதான் கோடை. அங்கே காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே முதல் பக்கத்தார் மார்கழி முடிவதற்குள்ளும் ஊவாப் பக்கத்தார் வைகாசிக்குள்ளும் வேலையை முடித்துவிட வேண்டும். புல் காய்ந்த பிறகு கத்தியைத் தீட்டுவதில் பிரயோசனம் குறைவு.

முதலில் விறகைப் பார்ப்போம். 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது அடுப்பை மாற்றியிருந்தவர்களும் திரும்ப விறகுக்கு வந்தார்கள். கவ்வாத்து வெட்டியதும் மிலாறு கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அதைச் சுவரோரமாகக் கூரை முட்ட அடுக்குவதுதான் நமது வழக்கம். மழை படாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பொறி விழுந்தால் அந்த அடுக்கே கூரைக்கு ஏணியாகிவிடும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, “வெளியே வச்சா விடியறதுக்குள்ள பாதி காணாமப் போயிடும் ஐயா” என்றார் ஓர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது பொய்யல்ல. அதற்கு நாங்கள் சொல்லும் வழி இது. இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் குசினியில் வையுங்கள். மிச்சத்தை லயத்திலிருந்து 30 அடி தள்ளி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு அடுக்குங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே கொட்டிலாகப் போட்டால் காவலும் தானாக வந்துவிடும்.

சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. உரப்பை, பழைய மெத்தை, பிளாஸ்டிக் கேன், முச்சக்கர வண்டிக்கு வாங்கி வைத்த பெற்றோல் போத்தல் எல்லாம் இதில் சேரும். கூரைப் பீலியில் சேர்ந்த இலைகளையும் வாரிவிடுங்கள். யூக்கலிப்டஸ், பைனஸ் மரங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை வாரத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். அந்த இலைகளில் எண்ணெயும் பிசினும் இருப்பதால் சட்டென்று பற்றும். காற்றில் பறந்து வரும் பொறி முதலில் தேடுவது இந்த மாதிரி மூலைகளைத்தான்.

7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சுவது சின்ன இடம்தான், ஆனால் அதற்குப் பொறுப்பு நீங்கள். நடுச்சுவர்ப் பயம் உங்களுக்கு இல்லை. உங்கள் ஆபத்து வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்லில் இருக்கிறது. நெருப்பு மலை ஏறும்போது வேகம் கூடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வேலையில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. ஆகவே வீட்டுக்கு மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கத்தில் அதிக தூரம் புல்லை வெட்டுங்கள். பக்கத்துக் காணிக்காரரிடமும் பேசி, இரண்டு பேரும் ஒரே நாளில் வெட்டுவது நல்லது.

வெட்டுங்கள் என்றுதான் சொல்கிறோம், வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை. மண்வெட்டியால் சரிவை மொட்டையாகச் செதுக்கிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மண் இறங்கும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அது மிகப் பெரிய சரிவு, அதற்குக் காரணங்களும் வேறு. ஆனாலும் மழைக்கு இளகும் மலையில்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். புல்லை நாலு விரல் உயரம் விட்டு அறுத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். கானில் அடைந்த சருகையும் அதே நாளில் வாரிவிடுங்கள். நெருப்புக்கும் உதவாது, மழைத் தண்ணீரும் தடையில்லாமல் போகும்.

வாரிய குப்பையை என்ன செய்வது? பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குவித்துக் கொளுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போவார்கள். பின்னேரக் காற்றில் அது மோசமான பழக்கம். சருகையும் பச்சைப் புல்லையும் குழி வெட்டிப் போட்டு, மேலே கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றினால் மூன்று நாலு மாதத்தில் கூட்டுப் பசளை கிடைக்கும். லீக்ஸுக்கும் போஞ்சிக்கும் காசு கொடுத்து வாங்கும் பசளை அந்த அளவுக்கு மிச்சம். அடுப்புச் சாம்பலையும் சூட்டோடு வெளியே கொட்டாதீர்கள். மேலே வெள்ளையாகத் தெரியும், உள்ளே தணல் மறுநாள் வரை இருக்கும். தண்ணீர் தெளித்து, பழைய தகர வாளியில் ஓர் இரவு வைத்துவிட்டுப் பாத்தியில் தூவுங்கள்.

மாட்டுக்குப் புதுப் புல் துளிர்க்கும் என்று மானா மலைக்கு நெருப்பு வைப்பவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். காட்டுக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த மலையில் ஊறுகிற தண்ணீர்தான் நம்ம பீலிக்கு வருகிறது. மேலே எரிந்தால் கீழே பீலி வற்றும்.

கோடையில் பீலி மெலிந்துவிடும் என்பதால் லயத்துக்கு இரண்டு பீப்பாய் தண்ணீரும், பக்கத்தில் வாளியும், நாலைந்து சணல் சாக்கும் தயாராக இருக்கட்டும். புல்லில் சின்னதாகப் பிடித்தால் நனைத்த சாக்கால் பக்கவாட்டிலிருந்து அடித்து அணைக்கலாம். நெருப்புக்கு மேல்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. கூரையில் பிடித்துவிட்டால் சாமான் எடுக்க உள்ளே போகாதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கொண்டுவாருங்கள். கதவுகளைத் தட்டுங்கள், தப்பு அடித்தாவது எல்லோரையும் எழுப்புங்கள். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து நம்ம ரோட்டில் ஏறி வர நேரமாகும், ஆகவே உடனே 119க்கு அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லிவிடுங்கள். காயம்பட்டவர்களுக்கு 1990 அம்புலன்ஸ். சுட்ட இடத்தில் பற்பசை, மை எதுவும் பூச வேண்டாம். 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதங்கள், காணி உறுதி இருந்தால் அதுவும் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். ஒரு பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோனால் பிரதி எடுக்க எத்தனை நாள் பேர் போகும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர்ப் பீப்பாய்களை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும். மூடி இல்லாத பீப்பாய்களுக்குப் பழைய படங்கைக் கட்டினால் போதும்.