கேஸ் மாத்திரையும் கெட்டி எலும்பும்

புள்ளுக்குக் குழி வெட்டிய ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்னொரு குழியும் உண்டு. அது தறிக்குழி. அதில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே நெய்பவருக்கு வெயில் கிடைப்பதில்லை. நேரம் தவறிய சாப்பாட்டால் நெஞ்செரிச்சல் வரும். அதற்குத் தினம் ஒரு 'கேஸ் மாத்திரை'. வெயில் இல்லாததும் மாத்திரை நிற்காததும் சேர்ந்து கைவைப்பது எலும்பில்.

கேஸ் மாத்திரைகளான ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல் மூன்றும் பென்சிமிடசோல் குலம். ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையமும், இரண்டு நைட்ரஜன் உள்ள ஐந்தணு இமிடசோல் வளையமும் ஒரு பக்கத்தைப் பங்குபோட்டு ஒட்டிக்கொண்டிருப்பதே இதன் கரு. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலும் இதே குலம்தான். கருவோடு சேரும் அணுக்கள் மாறுவதால் ஒன்று அமிலச் சுரப்பை அடக்குகிறது, மற்றது புழுவைப் பட்டினி போட்டுக் கொல்கிறது.

செய்ய வேண்டியவை

1. கேழ்வரகை வாரத்தில் பல நாள் சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு, 100 மி.லி. பாலில் 120 மி.கி. அளவுதான். பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை.

2. தானியத்தையும் பயறையும் ஊறவைத்து முளைகட்டுங்கள். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலம் அதில் குறையும். வறுத்த பயறும் முளைக்கும் என்பது திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் சன்னதியின் ஐதீகம். அடுப்படியில் வறுக்காத பயறே போதும்.

3. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கை, முகத்தில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும். விடியலில் தெருவில் பாவு நீட்டும்போது படும் இளவெயில் இதமானது. ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. கண்ணாடி ஜன்னலும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

4. புரதத்தை மறக்காதீர்கள். எலும்பில் கொலாஜன் என்ற புரதம் பாவு. கால்சியமும் பாஸ்பரசும் ஊடை. கொலாஜன் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும், அதற்கு நெல்லிக்காய். எள்ளில் கால்சியத்தோடு மெக்னீசியமும் கிடைக்கும்.

5. மருத்துவர் சொன்ன கேஸ் மாத்திரையைக் காலை உணவுக்கு அரைமணி முன்பு போடுங்கள். சாப்பாடு வந்ததும்தான் வயிற்றின் அமிலப் பம்புகள் விழிக்கும். விழித்த பம்பைத்தான் மருந்து பூட்டும்.

6. கால்சியம் மாத்திரையின் அட்டையைப் படியுங்கள். கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். அது கரைய அமிலம் தேவை. தினமும் கேஸ் மாத்திரை போடுபவர்கள், சிட்ரேட் வகை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. கேஸ் மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அதிக அளவிலோ, ஓராண்டுக்கு மேலோ எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு கூடக்கூடும் என்று 2010 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

2. அதற்காக, நீண்ட நாள் எடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. அடங்கியிருந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். வயிற்றுப்புண்ணுக்கோ, வலி மாத்திரைக்குத் துணையாகவோ எழுதித் தந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

3. மாத்திரையைப் பொடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். பூச்சி மாத்திரை இதற்கு நேர்மாறு; அதை மென்றே விழுங்க வேண்டும்.

4. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் பூச்சி மாத்திரையைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் கண்ணளவில் கொடுக்காதீர்கள். முகாம்களில் இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி., ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அதில் பாதி.

5. பாலக் கீரையைக் கால்சியக் கணக்கில் எழுதாதீர்கள். அதன் ஆக்சலேட் கால்சியத்தை விடாது.

6. கால் மரத்துப்போவதையும் கெண்டைக்கால் பிடிப்பையும் தறி மிதித்த அலுப்பு என்று தள்ளாதீர்கள். நெடுநாள் கேஸ் மாத்திரை போட்டால் பி12, மெக்னீசியம் இரண்டும் குறையலாம். பி12 மூலக்கூறுக்குள்ளேயே ஒரு பென்சிமிடசோல் வளையம் இருக்கிறது. குலம் ஒன்றானாலும் ஒன்று மற்றதை உள்ளே விடுவதில்லை.

அடுத்த முறை மருந்துச்சீட்டு கைக்கு வரும்போது கேட்க வேண்டியது ஒன்றே: "இதை எத்தனை நாளைக்குப் போடணும், டாக்டர்?"