கர்ப்பப்பையை எடுத்தால்தான் பெரும்பாடு தீருமா?

"பிள்ளை பெற்றாயிற்று, இனி கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிட்டால் தொல்லை விட்டது." மாதவிலக்கில் உதிரம் கட்டுக்கடங்காமல் போகும் பெரும்பாட்டால் தவிக்கும் பெண்ணிடம் வரதராஜன்பேட்டை போன்ற சிற்றூரிலும் இதைச் சொல்வார்கள், சென்னையிலும் சொல்வார்கள். இது பேச்சோடு நிற்பதில்லை. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 49 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,309 பேரை 2019இல் விசாரித்தபோது, 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தது தெரிந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அறுவைசெய்தால் உதிரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கடைசியில் வர வேண்டியதை முதலில் வைப்பதுதான் தவறு. நார்க்கட்டி, தைராய்டு, ஹார்மோன் குழப்பம், காப்பர்-டி என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியமே. டிரானெக்சாமிக் அமில மாத்திரையை உதிரம் போகும் நாட்களில் மட்டும் விழுங்கினால் போதும், போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும் (முன்பு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானவர்களுக்கு இது ஆகாது). லீவோநார்ஜெஸ்ட்ரெல் சுரக்கும் கருப்பை வளையம் இன்னும் வலுவாக வேலை செய்கிறது. முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படலாம், பிறகு அடங்கும். காப்பர்-டியால் அவதிப்பட்டவர்கள் இதற்கும் அஞ்சுவது புரிகிறது. ஆனால் அது உதிரத்தைக் கூட்டக்கூடியது, இது குறைப்பது.

"எப்படியும் கடைசியில் எடுக்கத்தானே போகிறோம்?" என்பார்கள். பின்லாந்தில் 236 பெண்களைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்கு வளையமும் என ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு முடிவில் வளையம் பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் அறுவைக்குப் போனார்கள். பெரிய எண்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மீதிப்பேர் கத்தியே படாமல் தப்பினார்கள். இரு தரப்பின் வாழ்க்கைத் தரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, வளையத்துக்கு ஆன செலவும் குறைவு. "முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை ஆஸ்பத்திரிக்கு அலைவாள்?" என்ற கேள்விக்கு நியாயம் உண்டு. ஆனால் வயிற்றைத் திறந்து அறுவைசெய்த பிறகு ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது என்பதையும் அந்தக் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். "விட்டால் புற்றுநோயாகிவிடும்" என்ற பயமோ பெரும்பாலும் வீண். அதிக உதிரப்போக்கு தானாகப் புற்றாக மாறுவதில்லை. ஆனால் 45 வயதைத் தாண்டியும் அதிக உதிரப்போக்கு உள்ளவர்களும், மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டவர்களும் தாமதிக்காமல் கர்ப்பப்பை உட்சவ்வைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெரிய நார்க்கட்டி, புற்றுநோய், மருந்துக்கு மசியாத போக்கு என்றால் அறுவையே சரி. அப்போதும் கையெழுத்துப் போடுமுன், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா, ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். 45 வயதுக்கு முன் அவையும் போனால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும்; எலும்புத் தேய்மானமும் இதயநோய் ஆபத்தும் கூடும்.