தீர்ப்புப் பணமும் கடனாளியின் ஆஸ்தி விவரமும்

நியாயஸ்தலத்தில் வெற்றி பெறுதல் வேறு. வென்ற பணம் கைக்கு வருதல் வேறு. இந்தியாவில் வழக்காளியின் இடர்ப்பாடு டிக்கிரி பெற்ற பின்னரே தொடங்குகிறது என்னும் கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. அக்கருத்து இன்றும் பொய்யாகவில்லை. ஆதலின் இப்பொருளைப் பற்றி மாணவர் அறியவேண்டுவன சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மண்டகப்பட்டு உழவர் ஒருவர், தாம் விற்ற நெல்லின் விலைக்காக ஒரு வியாபாரியின்மீது செஞ்சி நியாயஸ்தலத்தில் 2,00,000 ரூபாய்க்கு டிக்கிரி பெற்றாரென வைத்துக்கொள்வோம். வியாபாரியோ கையை விரிக்கிறார். அவருக்கு நிலம் எங்குளது, எந்தப் பாங்கியில் பணமுளது என்பதை உழவர் எங்ஙனம் அறிவார்?

பாங்கிக் கடன்களின் வரலாற்றைத் திரட்டி வைக்கும் சிபில் முதலிய நிறுவனங்களைக் கேட்கலாமே என்று சிலர் எண்ணுவர். அது கூடாது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, சட்டத்தின் அனுமதியோ நியாயஸ்தலத்தின் உத்தரவோ இன்றி அவ்விவரத்தைப் பெறுதல் தண்டனைக்குரிய குற்றம். டிக்கிரி ஒன்றே அவ்வனுமதி ஆகாது.

நேரிய வழி, 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆம் கட்டளையின் 41-ஆம் விதியில் உளது. கடனாளியை வரவழைத்து விசாரிக்கவும், கணக்குகளையும் ஆவணங்களையும் கொணரச் செய்யவும் மனுச் செய்யலாம். டிக்கிரிப் பணம் 30 நாள் தீராதிருப்பின், ஆஸ்தி விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யுமாறு உத்தரவிடலாம். மீறுவோரை 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். கடனாளி தமது கடன் அறிக்கையைத் தாமே பெறக்கூடியவர். ஆதலின் அதனையும் கொணரச் செய்யுமாறு கோரலாம். அதனை ஏற்பது நியாயாதிபதியின் விவேகத்தைப் பொறுத்தது.

மற்றொரு வழி பத்திரப் பதிவு. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் விசித்திரசித்தன் எனும் மகேந்திரவர்மன் பொறித்த கல்வெட்டை எவரும் காணலாம். நிலப் பதிவும் அத்தகையதே. ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால், எவரும் கட்டணம் செலுத்தி வில்லங்கச் சான்று பெறலாம்.

ஆயினும் சட்டம் கடனாளியை முற்றும் கைவிடவில்லை. உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும், கைத்தொழிலாளரின் கருவிகளும், சமையற் பாத்திரங்களும் ஜப்திக்கு உட்படா. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரு பங்கும் விலக்கு. 31,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10,000 ரூபாயே பிடிக்கலாம். பணக் கடனுக்காகப் பெண்களைச் சிறைப்படுத்தலாகாது. வறுமையால் கொடுக்க இயலாதவரைச் சிறைப்படுத்தல் தகாதென்றும், வசதியிருந்தும் வஞ்சிப்பவரையே அது சாருமென்றும் 1980-இல் நியாயாதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் விளக்கினார்.

பண டிக்கிரியை நிறைவேற்றக் காலவரம்பு 12 ஆண்டுகள். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்திற்குள் முடிக்கவேண்டுமெனச் சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் பணித்தது. எனினும் ஆஸ்தி விவரம் கிட்டாதவிடத்து எக்கெடுவும் பயன்படாது. ஆகவே கடன் கொடுக்கும் நாளிலேயே கடனாளியின் ஊர், சர்வே எண், பாங்கி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. இல்லாதவரை வருத்தாமலும், ஒளிப்பவரை விடாமலும் இருத்தற்கு அக்குறிப்பே துணையாகும்.