பெயர்த்தெழுதும் பிழையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக் கழகத்தின் சுவடி நூலகம் உளது. வடமொழி, மலையாளம், தமிழ் முதலிய மொழிகளில் எழுதப்பெற்ற ஓலைச்சுவடிகள் பல அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஒரே நூலின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு நோக்கினால், அவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது அரிது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை விட்டிருப்பார். வேறோரிடத்தில் ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்றை எழுதியிருப்பார். அப்பிழை அடுத்த பிரதியிலும் இடம்பெறும். பாடபேதங்கள் தோன்றுவது இவ்வாறே. எந்தச் சுவடி எதன் வழிவந்தது என்பதைப் பதிப்பாசிரியர்கள் இப்பேதங்களைக் கொண்டே துணிகின்றனர்.

அதே நகரில் மத்திய அரசின் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும், 2019இல் தோன்னக்கல்லில் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆய்வு நிறுவனமும் உள்ளன. இத்தகைய நிலையங்களில் வைரஸ்களை ஆராயும் விஞ்ஞானிகள் கையாளும் முறையும் பதிப்பாசிரியர்களின் முறையை ஒத்ததே. அவர்கள் ஒப்பிடுவது ஓலையிலுள்ள எழுத்துக்களை அன்று. வைரஸின் மரபுச் செய்தியையே ஒப்பிடுகின்றனர்.

வைரஸின் இயல்பு

எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸின் மரபுச் செய்தி, ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் ஏறக்குறைய 9,700 எழுத்துக்களால் அமைந்தது. அது மனித உயிரணுவினுள் புகுந்ததும், தன் செய்தியை டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதுகிறது. இப்பணியைச் செய்யும் நொதிக்கு, எழுதியதைத் திருத்திப் பார்க்கும் ஆற்றல் இல்லை. சராசரியாக மூன்று பிரதிகளுக்கு ஒன்றில் ஒரு பிழையேனும் நேர்கிறது. சிகிச்சை பெறாத நோயாளியின் உடலில் நாள்தோறும் சுமார் ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் பிறப்பதாக 1996இல் கணக்கிடப்பட்டது. ஆகவே ஒரே மனிதரின் உடலிலும் ஒரே வைரஸ் இருப்பதில்லை. சற்றே வேறுபட்ட பிரதிகளின் பெருங்கூட்டமே இருக்கிறது.

இவ்வேறுபாடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்ததில், இவ்வைரஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, மத்திய ஆப்பிரிக்காவில் சிம்பன்சிக் குரங்கினின்றும் மனிதரிடம் வந்தது என்று தெரிந்தது. இந்தியாவில் 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இதனை முதன்முதலாகக் கண்டறிந்தனர். நம் நாட்டில் பரவியிருப்பது பெரும்பாலும் ‘சி’ என்னும் உட்பிரிவாகும். பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் அறிஞர் உதயகுமார் ரங்காவும் அவர்தம் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் குறிக்கத்தக்கது. வைரஸின் பெருக்கத்தைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட பகுதி பிற பிரிவுகளில் பெரும்பாலும் இரண்டு இருக்க, ‘சி’ பிரிவில் மூன்று உண்டு. இந்திய வைரஸ்கள் சிலவற்றில் நான்காவதும் தோன்றியிருப்பதை அவர்கள் காட்டினர்.

மருந்துக்கு அடங்காமை

பிழைகளிற் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடு செய்வன. எனினும் அரிதாக ஒரு பிழை மருந்தினின்று அதனைக் காக்கிறது. எடுத்துக்காட்டாக, அந்நொதியின் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் நீங்கி வாலின் அமையுமாயின், லாமிவுடின் என்னும் மருந்தின் வலிமை மிகவும் குன்றிவிடும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். நாள்தோறும் ஒரு கோடி உயிரணுக்கள் புதிதாகப் பற்றப்படுகின்றன எனவும், குறிப்பிட்ட ஒரு பிழை லட்சத்தில் ஒரு முறை நேர்கிறது எனவும் கொள்வோம். ஒரு மருந்தை மட்டும் வெல்லும் வைரஸ் நாளொன்றுக்கு நூறு தோன்றும். இரு மருந்துகளை ஒருங்கே வெல்வது ஆயிரம் நாட்களுக்கு ஒன்று தோன்றும். மூன்றையும் ஒருங்கே வெல்வது தோன்ற இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். 1987இல் தனித்து வழங்கப்பட்ட ஜிடோவுடின் நெடுநாள் பயன்தராமைக்கும், 1996 முதல் மூன்று மருந்துகளின் கூட்டுச் சிகிச்சை வெற்றி பெற்றமைக்கும் காரணம் இதுவே.

ஆனால் இப்பாதுகாப்பு, மருந்தை இடையறாது உட்கொள்ளும் வரையில்தான் நிலைக்கும். மாத்திரை நிறுத்தப்பட்டதும் எல்லா மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலை விட்டு நீங்குவதில்லை. எஃபாவிரென்ஸ் போன்றவை பல நாட்கள் தங்கும். அந்நாட்களில் நோயாளி, தாம் அறியாமலே, ஒற்றை மருந்துச் சிகிச்சையில் இருக்கிறார். அப்போது பிழைபட்ட பிரதி தழைத்து, நெடுங்காலம் வாழும் உயிரணுக்களில், பெட்டியிலிட்ட ஏடுபோல் தங்கிவிடுகிறது. பின்னர் அதே மருந்து தரப்படின் அது மீண்டும் தலைதூக்கும்.

இந்தியாவில் இலவசச் சிகிச்சை 2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிற்று. 2017 முதல், நோய்த்தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே அளிக்கப்படுகிறது. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை இப்போது முதல்நிலைச் சிகிச்சையாக உள்ளது. டோலுடெக்ராவிரை வெல்வது வைரஸுக்கு எளிதன்று. எனினும் இயலாததும் அன்று.

தடுப்பூசி முயற்சி

பெரியம்மைக் கிருமி மாறாது நின்றமையால் அம்மைப்பால் அதனை வென்றது. எச்.ஐ.வி.யோ தன் மேலுறையை ஓயாது மாற்றிக்கொள்கிறது. புனேயில் 2005இலும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006இலும் முதற்கட்டத் தடுப்பூசிச் சோதனைகள் நடைபெற்றன. சென்னையில் 32 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். தாய்லாந்தில் பதினாறாயிரவருக்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த சோதனையில், 2009இல் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பே கண்டது. பின்வந்த பெருஞ்சோதனைகள் பலன் தரவில்லை. 2024இல் ஒரு நற்செய்தி கிடைத்தது. ஆறு மாதத்திற்கு ஒரு முறை போடப்படும் லெனகாபாவிர் என்னும் தடுப்பு மருந்தைப் பெற்ற தென்னாப்பிரிக்க, உகாண்டா நாட்டுப் பெண்கள் 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. இது தடுப்பூசி அன்று. மருந்தே என்பதை மறத்தலாகாது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

மருந்து வாங்க வாராத நோயாளியைக் குறைகூறுதல் பயன் தராது. கூலி இழப்பு, வெளியூர்ப் பயணம், அண்டை வீட்டார் அறிந்துவிடுவரோ என்னும் அச்சம் ஆகியவற்றுள் எது தடையாயிற்று என்று தனிமையில் வினவி அறிதல் வேண்டும். நோயாளியின் பெயரைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் வைரஸ் காணப்படாத நிலையை எய்தி அதிலேயே நிலைத்திருப்பவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. இவ்வுண்மையை அவருக்கு எடுத்துரைத்தல் நலம்.

வகுப்பில் ஆசிரியர் மூன்று பகடைகளைக் கொண்டு இப்பாடத்தை நடத்தலாம். ஒரு பகடையில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்றிலும் ஒருங்கே விழ 216இல் ஒரு வாய்ப்பு. மாணவர்கள் தாமே உருட்டி எண்ணிப் பார்க்கட்டும். பின்னர் இரண்டு பகடைகளை அகற்றிவிட்டு மீண்டும் உருட்டச் செய்க. மருந்து தவறிய நாட்களில் நேர்வது யாது என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.