இரத்தம் வராத ஈறு



பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டு முடித்துவிட்டு நேராக ஜும்ஆவுக்கு வருபவர்கள் நம்மில் பலர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு டீ, ஒரு சிகரெட். பாங்கு சத்தம் கேட்டதும் அதை அணைத்துவிட்டு, மூன்று தடவை வாய் கொப்பளித்து உளூ செய்து, ஸஃபில் வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தைச் சற்றே திருப்பிக் கொள்கிறார். வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்.

பூண்டு, வெங்காயம் இரண்டும் ஹலாலான உணவு. அவற்றைப் பச்சையாகச் சாப்பிட்டு வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. மனிதர்களுக்குத் தொந்தரவு தருவது மலக்குகளுக்கும் தொந்தரவு தரும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உணவின் வாடைக்கே இந்த நிலை என்றால் புகையின் வாடையை என்னவென்று சொல்வது?

ஆனால் வாடை சின்ன விஷயம். இன்று சொல்ல வந்தது வேறு.

புகைக்கும் சகோதரர் ஒருவரிடம் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "எனக்கு ஒன்றும் இல்லை ஹஜ்ரத், பல் விளக்கும்போது ஒரு சொட்டு இரத்தம்கூட வருவதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரத்தம் வராமல் இருப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

பல்லில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகும்போது ஈறு வீங்கும், சிவக்கும், பிரஷ் பட்டால் இரத்தம் கசியும். உடல் நமக்குத் தரும் எச்சரிக்கை அது. புகையிலையில் உள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஈறுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கிருமியோடு போராட வேண்டிய அணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்போது வெளியே இரத்தக் கசிவு தெரிவதில்லை. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது பல் ஆடும். டாக்டரிடம் ஓடுவோம். கரைந்த எலும்பு பழையபடி திரும்ப வளர்வது அரிது.

வீட்டில் புகை வாடை வந்தால் முதலில் எச்சரிக்கை மணியின் ஒயரை அறுத்துப் போடுபவன் உண்டா? புகைப்பவர் தம் ஈறுக்குச் செய்வது அதுதான்.

பல்லைப் பிடுங்கிய பிறகு டாக்டர் புகைக்கக் கூடாது என்று சொல்வதை நாம் சம்பிரதாயமாக நினைக்கிறோம். பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்தால்தான் புண் ஆறும். புகையை இழுத்தால் அந்த உறைவு கலைந்துபோகும், எலும்பு திறந்துகொள்ளும், வலி தூங்க விடாது.

அடுத்து நம் இளைஞர்கள். கம்பெனிக்குள் புகைக்க அனுமதி இல்லை. தீப்பெட்டி கொண்டு போகவும் முடியாது. அதனால் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புகையிலைப் பொட்டலம் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு லைனில் நிற்கிறார்கள். கூல் லிப் என்று கேட்டு வாங்குகிறார்கள். குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தமிழக அரசு 2013-லேயே தடை போட்டுவிட்டது. ஆனாலும் மறைவாகக் கிடைக்கிறது. புகை வராததால் தப்பு இல்லை என்று ஒரு தம்பி வாதாடினார். பொட்டலம் இருக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கும், உள்தோல் வெளுத்துச் சுருங்கும். பாக்கும் சேர்த்து மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகிவிடும். சோற்றுக் கவளம் உள்ளே போகாத நிலை. வாய்ப் புற்றுநோய்க்கு இது வழி திறக்கிறது.

வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவை வலிக்கவில்லை என்றாலும் காட்டியாக வேண்டும். ஆரம்பத்தில் இது பெரும்பாலும் வலிக்காது. வலி வந்த பிறகு போவோம் என்று காத்திருந்தவர்களே அதிகம் இழந்தார்கள். நம் பக்கத்தில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் வாயைப் பேணிய விதத்தை யோசித்துப் பாருங்கள். உலகை விட்டுப் பிரியும் நேரத்தில், உள்ளே வந்த அப்துர் ரஹ்மான் பின் அபூபக்ர் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கைப் பார்த்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுக்க, அதனால் பல் துலக்கினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. நாமும் சட்டைப் பையில் மிஸ்வாக் வைத்திருக்கிறோம். சிலருக்கு அதே பையில் சிகரெட் பாக்கெட்டும் இருக்கிறது.

"விட முடியவில்லை ஹஜ்ரத்" என்பார்கள். ரமளானில் ஸஹரிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஷிப்டும் பார்த்துக்கொண்டு யார் விட்டிருந்தது? ஆனால் நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்கு அடுத்து கை அதைத்தான் தேடுகிறது. அந்த அடிமைத்தனம் உண்மையானதே, அதைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். தனியாக முடியாதவர்கள் கூப்பிடுங்கள்.

விட்டவர்களுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புகையை நிறுத்திய சில வாரங்களில், அதுவரை இரத்தமே வராத ஈறில் இரத்தம் வரலாம். "பீடி இருந்தவரை நன்றாக இருந்தது, விட்டதும் வாய் கெட்டுவிட்டது" என்று திரும்பவும் பற்ற வைத்தவர்கள் உண்டு. அது வாய் கெட்டதால் வரும் இரத்தம் அல்ல. ஈறுக்கு இரத்த ஓட்டம் திரும்புகிறது, மறைந்திருந்த நோய் இப்போதுதான் வெளியே தெரிகிறது. பிரஷை நிறுத்தாமல், அந்த வாரமே பல் டாக்டரிடம் போய்க் காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.